அட்டைக்கார அக்கா கேட்ட பத்து வார்த்தைகள்

எங்கள் பள்ளி மைதானத்தில், பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில் ஓர் அறை இருக்கிறது. படிக்கட்டு சரிகிற பக்கமாகக் கூரையும் சரிவதால், உள்ளே போகிற உயரமான ஆள் எவனும் ஒருமுறையாவது நெற்றியில் வாங்காமல் வெளியே வந்ததில்லை. பிள்ளைகளுக்குத் தலையில் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கிற அறையை அங்கே கொண்டுபோய் வைத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த அறையில் இருபத்திரண்டு வருடங்களாகக் குனிந்தே நடமாடிப் பழகிய ஒருவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் அதே பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளன். அவரோடு நான் சண்டை போடாத வாரம் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பதிவேட்டில் அவர் முதலுதவி உதவியாளர். பிள்ளைகளுக்கு அட்டைக்கார அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் எனக்கும் அக்காதான். கழுத்தில் விசில் தொங்குகிற மாதிரி அவருக்கு ஓர் அட்டை தொங்கும். மடக்கினால் உள்ளங்கை அளவு, விரித்தால் நாலு பக்கம், மேலே பிளாஸ்டிக் உறை. விளையாட்டுத் துறையிலிருந்து ஒரு வருடம் எல்லாப் பள்ளிகளுக்கும் அந்த அட்டைக் கட்டு வந்தது. மற்ற பள்ளிகளில் அது பீரோவுக்கு மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அக்கா பிரித்துப் படித்தார். அத்தோடு எங்கள் நிம்மதி போயிற்று.

அட்டையின் முதல் வரி தடித்த எழுத்தில் இருக்கும்: சந்தேகம் வந்தால் வெளியே உட்கார வை. அதற்குக் கீழேதான் சோதனைகளெல்லாம். பிள்ளைகள் மோதி விழுந்தால் அக்கா ஓடமாட்டார், வேகமாக நடப்பார். பக்கத்தில் மண்டியிட்டு, இது எந்தப் பாதி, கடைசி கோல் யார் போட்டது, போன வாரம் யாரோடு ஆடினோம் என்று பேச்சுக்கொடுப்பார். பிறகு படிக்கட்டு அறை. தலைவலி, குமட்டல், வெளிச்சக் கூச்சம் என்று ஒரு நீளமான பட்டியல். ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து ஆறு வரை பிள்ளையே மதிப்பெண் போட வேண்டும். அப்புறம் பத்து வார்த்தைகளை ஒரே சீராக வாசிப்பார். திருப்பிச் சொல்ல வேண்டும். எண்களைக் கடைசியிலிருந்து சொல்ல வேண்டும். மாதங்களை டிசம்பரிலிருந்து சொல்ல வேண்டும். தரையில் ஒட்டிய மஞ்சள் டேப்பின்மேல் ஒரு பாதத்துக்குப் பின்னால் இன்னொரு பாதம் வைத்து, இடுப்பில் கை கொடுத்து, கண்ணை மூடி இருபது விநாடி நிற்க வேண்டும். எல்லாம் முடிந்து, மறந்திருப்பார்கள் என்று நினைக்கிற நேரத்தில், அந்தப் பத்து வார்த்தைகளை மறுபடி கேட்பார்.

ஆட்டப் பருவம் தொடங்குவதற்கு முன்பே, நல்ல உடம்போடு இருக்கும்போதே, எல்லாப் பிள்ளைகளுக்கும் இதை ஒருமுறை செய்து கோப்பில் வைத்துக்கொள்வார். அடிபட்ட பிறகு மறுபடி செய்து ஒத்துப்பார்ப்பார்.

எனக்கு அந்த அறை பிடிக்காது. உயரத்தைச் சாக்காகச் சொல்வேன். உண்மை வேறு. ஒருமுறை அடிபட்ட பையன் ஒருவன் அந்த மஞ்சள் டேப்பின்மேல் கண்ணை மூடி நிற்பதைப் பார்த்தேன். மெதுவாக, மிக மெதுவாக, இடது பக்கம் சாய்ந்துகொண்டே போனான். சாய்வது அவனுக்குத் தெரியவில்லை. முகத்தில் லேசான சிரிப்பு. பக்கத்தில் யாரோ நின்று அவன் சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரியும், அவனும் இசைந்து போகிற மாதிரியும் இருந்தது. அவன் விழாமல் அக்கா பிடித்துக்கொண்டார். கண்ணைத் திறந்தவன், "நேராத்தானே நின்னேன்?" என்றான். நான் வெளியே வந்துவிட்டேன்.

அந்த அறைச் சுவரில் ஒரு பழைய போட்டோ உண்டு. ஒரு மழை மதியம், பயிற்சி ரத்தாகி நான் அங்கே ஒதுங்கியபோது அதைப் பற்றிக் கேட்டேன். பதினாறு வயதில் அக்கா கோல்கீப்பர். ஓர் இறுதி ஆட்டத்தில் பந்துக்காகப் பாய்ந்தது நினைவிருக்கிறதாம். அடுத்த நினைவு, மறுநாள் காலை, வீட்டுக் கட்டிலில், காலில் விளையாட்டுக் காலணியோடு விழித்தது. நடுவில் பதினெட்டு மணி நேரம் இல்லை.

இல்லை என்றால் அவருக்கு இல்லை. ஊருக்கு இருந்தது. கம்பத்தில் தலை மோதிய பிறகும் எழுந்து மீதி ஆட்டம் முழுக்க ஆடியிருக்கிறார். இரண்டு கோல் தடுத்திருக்கிறார். கோப்பை வாங்கி, கையெழுத்துப் போட்டு, பேருந்தில் வீட்டுக்கு வந்திருக்கிறார். போட்டோவில் கோப்பையைப் பிடித்தபடி பளிச்சென்று சிரிக்கிறார்.

"இந்தப் பொண்ணை எனக்குத் தெரியாது சார்," என்றார் அக்கா. "நல்லா விளையாடியிருக்கா. ஆனா யாருன்னு தெரியாது."

அவர் அம்மா ரொம்ப நாள் கழித்து ஒன்று சொன்னாராம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த பெண், ஜென்மத்தில் பாலைத் தொடாத பெண், பால் கேட்டு இரண்டு டம்ளர் குடித்தாளாம். அம்மாவுக்குப் பயமாகிவிட்டது. அன்னிக்கு வந்தது நீ இல்லடி என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாராம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் புத்தகத்தில் எழுத்துகள் நகர்ந்தன, தலைவலி விடவில்லை. செவிலியர் படிப்பில் சேர்ந்து பாதியில் நின்றார். கல்யாணம், ஒரு பையன், இந்த வேலை என்று வாழ்க்கை ஓடிவிட்டது. அந்தப் பதினெட்டு மணி நேரம் மட்டும் திரும்ப வரவில்லை.

பட்டியலில் ஒரு வரியை அக்கா எப்போதும் இரண்டு முறை வாசிப்பார். 'ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறதா?' அன்று யாராவது தன்னை அந்த ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும் என்பார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் மனம் திருந்தியிருக்க வேண்டும். நான் அந்த ரகம் இல்லை. அந்த வருடம்தான் பெண்கள் அரையிறுதியில், பத்தாவது நிமிடத்தில், என் முன்கள ஆட்டக்காரியை அக்கா வெளியே உட்கார வைத்தார். ஆரம்பச் சோதனையில் பத்தும் சொன்னவள் அன்று எட்டுதான் சொன்னாளாம், இரண்டை விட்டுவிட்டாளாம். தோற்றோம். ரெண்டு வார்த்தைக்காக ஒரு கோப்பையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அந்தக் கோபத்தில் செய்த காரியத்தை இப்போது எழுதக் கை கூசுகிறது. வார்த்தைப் பட்டியல்கள் அட்டையில் ஆறு உண்டு. அக்கா வழக்கமாக முதல் பட்டியலைத்தான் எடுப்பார் என்பது எனக்குத் தெரியும். அவர் இல்லாத நேரம் அறைக்குள் போய், அங்கிருந்த மீதி அட்டைகளில் ஒன்றைப் பிரித்து அதைக் கையில் எழுதிக்கொண்டேன். மறுநாள் காலையிலிருந்து, மைதானத்தைச் சுற்றி ஓடும்போது ஒன்று, இரண்டு எண்ணுவதை நிறுத்திவிட்டு, இதை ஓதவிட்டேன். கதவு, குதிரை, சோப்பு, மேகம், ஆணி. தலையணை, மணல், கரண்டி, ஏணி, பொத்தான். அடிக்கு ஒரு வார்த்தை. கூட ஓடிய எனக்கு ஆணியில் மூச்சு முட்டும்; தொண்டையைச் செருமிக்கொண்டு தலையணைக்குப் போவேன். பிள்ளைகள் அதையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இருபது பேரும் ஆணியில் செருமினார்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அந்தப் பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. பதினைந்து வயது, தடுப்பாட்டக்காரி. மைதானத்தில் நான் சார், வீட்டில் அப்பா. இது நாங்கள் இருவரும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். அவள் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

அடுத்த பருவத்து ஆரம்பச் சோதனையில் எல்லோரும் பத்துக்குப் பத்து. அக்கா கோப்புகளை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எல்லாருக்கும் ஒரே ஞாபகசக்தியா இருக்கே சார். ஒரே குரலாவும் இருக்கு," என்றார். எல்லாம் என் பயிற்சி என்று மார்தட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்தக் குனிந்த அறையில் உட்கார்ந்து, பாதி வழியில் ஓர் ஆம்பளை மாதிரி தொண்டையைச் செருமியது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

காலிறுதி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. மூன்றரை மணி வெயில். இரண்டாம் பாதியில், அக்கா எதிர்ப்பக்கக் கோட்டில் ஒரு பெண்ணின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, உயரத்தில் வந்த பந்துக்கு என் மகளும் எதிரணிப் பெண்ணும் ஒன்றாக எம்பினார்கள். சத்தம் பெரிதாக இல்லை. கதவை யாரோ லேசாகத் தட்டியது போலத்தான் கேட்டது. இருவரும் விழுந்தார்கள். அந்தப் பெண் உடனே எழுந்துவிட்டாள். என் மகள் ஒரு மூச்சு தாமதித்து எழுந்து, நேராக நடந்து, கோட்டருகே என்னிடம் வந்தாள்.

அட்டையின் முதல் வரி எனக்கு மனப்பாடம். பள்ளியிலேயே அதை அதிகம் திட்டியவன் நான்தானே. ஆனால் ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம், மாற்று ஆட்டக்காரி யாரும் பாக்கியில்லை. குனிந்து அவள் முகத்தைப் பார்த்து, வார்த்தையெல்லாம் சொல்லு என்றேன். கடகடவென்று பத்தையும் சொன்னாள். ஒன்று பிசகவில்லை. என் மனம் குளிர்ந்துபோயிற்று. அவளை உள்ளே அனுப்பினேன்.

நாலு நிமிடம் ஆடினாள். நன்றாகவே ஆடினாள் என்பதுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாத விஷயம். ஒரு பந்தை அழகாக மறித்துத் தட்டிவிட்டாள். நான் கைதட்டினேன். அப்போதுதான் எதிர்ப்பக்கத்திலிருந்து அக்கா நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர், நடுவரையும் கேட்காமல், ஆட்டத்தின் நடுவே நடந்து வந்தார். விசில் ஊதினார்கள், எதிரணிப் பயிற்சியாளர் கத்தினார். அக்கா என் மகளின் தோளைப் பிடித்து நிறுத்தி, என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் கொதித்துக்கொண்டு ஓடினேன்.

"அவ உதட்டைப் பாருங்க சார்," என்றார்.

உதடு அசைந்துகொண்டிருந்தது. குரல் இல்லை. கிட்டே போய்க் காதை வைத்தேன். மேகம், ஆணி, ஒரு செருமல், தலையணை, மணல். நான் கேட்டதிலிருந்து அவள் நிறுத்தவே இல்லை. நாலு நிமிடமாக, பந்தை மறித்தபோதும், ஓடியபோதும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். 

அறைக்குக் கூட்டிப்போனோம். அன்று நான் குனிய மறந்து நெற்றியில் வாங்கினேன்; வீங்கியிருந்தது இரவு கண்ணாடி பார்த்தபோதுதான் தெரிந்தது. அக்கா அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கடைசி கோல் யார் போட்டது என்று கேட்டார். "இன்னும் மேட்ச் ஆரம்பிக்கலையே," என்றாள் மகள், ரொம்ப மரியாதையாக. பிறகு அக்கா வேறொரு பட்டியலை எடுத்து நிதானமாக வாசித்தார். மெழுகு, பாலம், ஊசி என்று போகும் அது. வாசித்து முடித்து, சொல்லும்மா என்றார்.

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கதவு, குதிரை, சோப்பு, மேகம், ஆணி என்றாள். என் தொண்டையால் செருமினாள். உட்கார்ந்தபடியே அவள் கால்கள் இரண்டும் தரையில் மாறி மாறி அடி வைக்கத் தொடங்கின. வார்த்தைக்கு ஒன்றாக. கண்கள் எங்களுக்குப் பின்னால் சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. அவள் அந்த அறையில் இல்லை. ஏதோ ஒரு காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள், என்னோடு. இங்கே தன் முன்னால் நின்ற என்னை அவளுக்குத் தெரியவில்லை.

அக்கா அட்டையை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பட்டியலைத் திருடியது, ஓதவைத்தது, கோட்டருகே கேட்டது, அனுப்பியது. சொல்லி முடிப்பதற்குள் மகள் சீருடை முழுக்க வாந்தி எடுத்தாள். அக்கா அவள் தலையைத் தாங்கிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொன்னார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க இதைப் பரீட்சைன்னு நினைச்சுட்டீங்க சார். பாஸ் பண்ண வைக்கப் பார்த்தீங்க," என்றார். "நான் மார்க் போடல. உள்ள ஆள் இருக்கான்னு கதவைத் தட்டிப் பார்க்கிறேன். நீங்க எல்லாக் கதவுக்குப் பின்னாடியும் உங்க குரலை வச்சுட்டீங்க."

மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஸ்கேன் படத்தில் ரத்தக்கசிவு இல்லை என்றார்கள். அந்த நாலு நிமிடத்தில் தலையில் இன்னொரு அடி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவரிடம் கேட்டேன். ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால் சில பிள்ளைகள் பிழைப்பதில்லை என்று சுற்றி வளைக்காமல் சொன்னார். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் திரையை இன்னும் நன்றாக இழுத்து மூடினாள், பிள்ளைக்கு வெளிச்சம் கூசுகிறதென்று.

மூன்றாம் நாள் வீட்டில், சாப்பாட்டு மேசையில், மகள் என்னிடம் தண்ணீர் கேட்டாள். "சார், தண்ணி குடுங்க," என்றாள். தமாஷ் செய்கிறாளா என்று பார்த்தேன். செய்யவில்லை. அப்படி ஐந்தாறு நாள் அப்பா என்ற சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. பிறகு ஒருநாள் தானாகவே வந்துவிட்டது. அது இடையில் போனதே அவளுக்குத் தெரியாது. நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பள்ளியில் நான் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். ஒரு பருவம் முழுக்க அணியைத் தொடக்கூடாது என்று தண்டனை. போதாது என்றுதான் நினைக்கிறேன். அக்கா இருபது பிள்ளைகளின் கோப்புகளையும் கிழித்துப்போட்டு, வேறு பட்டியல்களோடு முதலிலிருந்து தொடங்கினார். லேசில் நடக்கவில்லை. புது வார்த்தைகளுக்கு நடுவே பழைய வார்த்தைகள் தலைகாட்டின. ஆணி என்று எங்கேயாவது வந்தால் போதும், பிள்ளை செருமும். ஓடும்போது ஒன்று, இரண்டு எண்ணச் சொல்லி உத்தரவு போட்டாகிவிட்டது. எண்ணுகிறார்கள். ஆனால் அதிகாலையில் வேலியோரம் நின்று பார்த்தால் உதடுகளில் அசைவது எண்கள் இல்லை. நான் அதற்குப் பிறகு அங்கே நின்று பார்ப்பதில்லை.

மகளை அக்கா படிப்படியாகத்தான் விட்டார். முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு தனியாகப் பந்து. தலைவலி வந்தால் ஒரு படி கீழே. ஏழாவது வாரம், மருத்துவரின் கடிதம் வந்த அன்று, கடைசியாக ஒருமுறை சோதித்துப் பார்க்க அறைக்குக் கூப்பிட்டார். என்னையும் வரச் சொன்னார். மகள் டேப்பின்மேல் அசையாமல் நின்றாள். புதுப் பட்டியலில் எட்டு வார்த்தை சொன்னாள். இரண்டை விட்டாள். அந்த எட்டைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷம் எந்தக் கோப்பைக்கும் வந்ததில்லை. அதில் என் செருமல் இல்லை.

'ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறதா?' இரண்டு முறை கேட்டார் அக்கா. மகள் உடனே சைபர் போடவில்லை. ஒரு விஷயம் தெரிந்தால் போட்டுவிடலாம் என்றாள். பையிலிருந்து போனை எடுத்தாள். அன்றைய ஆட்டத்தை ஒரு தோழியின் அண்ணன் படம் பிடித்திருக்கிறான். வாரக்கணக்காக அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், எங்கள் யாருக்கும் தெரியாமல்.

மோதல், விழுதல், எழுதல். சிறிய திரையில் அந்தப் பெண் கோட்டருகே நடந்து வந்தாள். ஒரு நெட்டை ஆள் குனிந்தான்.

"இந்தப் பொண்ணு உங்ககிட்ட வர்றா," என்றாள் மகள். "நீங்க ஏதோ சொல்றீங்க. சத்தம் பதிவாகல. என்ன சொன்னீங்க சார்?"

நான் அக்காவைப் பார்த்தேன். ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவார் என்ற நப்பாசைதான். அவர் சுவரிலிருந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு எங்கிட்ட யாரு என்ன சொன்னாங்கன்னு கேக்க எனக்கு ஆளில்ல சார்," என்றார். "இவளுக்கு நீங்க இருக்கீங்க. சொல்லுங்க."

"பத்து வார்த்தை கேட்டேன்," என்றேன். "நீ சரியா சொன்ன."

"அப்புறம்?"

"போன்னு சொன்னேன்."

மகள் படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். அந்தப் பெண் மைதானத்துக்குள் போகிறாள். நாலடி போய் நிற்கிறாள். வழி கேட்கிறவள் மாதிரி, அந்த நெட்டை ஆளைத் திரும்பிப் பார்க்கிறாள். அவன் அதற்குள் வேறு பக்கம் திரும்பி மற்றவர்களுக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறான்.

"இது நான்தான். திரும்பிப் பார்த்திருக்கேன்," என்றாள் மகள். பட்டியலை வாங்கி அந்த வரிக்கு நேரே சைபர் போட்டுவிட்டு, வாசலில் பழக்கத்தால் குனிந்து, வெளியே போனாள்.